உள்ளுடையின் வரலாறு

அரசர்களின் முடியும் உடைவாளும் பொருட்காட்சிச் சாலைகளில் கண்ணாடிப் பேழைகளுக்குள் இருக்கின்றன. அரசியர் விழாக்களில் அணிந்த பட்டாடைகளும் சரிகை அங்கிகளும் அவ்வாறே போற்றிக் காக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பட்டாடைக்குள்ளே, உடலை ஒட்டி, நாள்தோறும் அணியப்பெற்ற எளிய உடை எங்கே போயிற்று? அதைத் தைத்த கை யாருடையது? வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் இவ்வினாக்களை எழுப்பவில்லை. உள்ளாடை பற்றிப் பேசுவது நாகரிகம் அன்று என்ற எண்ணம் ஒரு காரணம். அது பெண்களின் வீட்டு வேலை, ஆராயத்தக்க பொருளன்று என்ற எண்ணம் மற்றொரு காரணம்.

ஐரோப்பியப் பெண்டிரின் பழைய உள்ளாடைகளை அவற்றின் வெட்டு மாதிரியைக் கொண்டு மீண்டும் தைத்துப் பார்க்கும் ஆய்வு முறை ஒன்று கடந்த எழுபது ஆண்டுகளில் வளர்ந்திருக்கிறது. ஏட்டில் எழுதப்படாத செய்திகள் பல அதனால் வெளிவந்துள்ளன. அவற்றுள் சிலவற்றை நேயர்கள் முன் வைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அந்த உடைகள் யாவை என்று பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு முடிய, ஐரோப்பியப் பெண் ஒருத்தி உடலை ஒட்டி அணிந்தது முழங்காலுக்குக் கீழே வரை தொங்கும் தளர்ந்த அங்கியாகும். ஆங்கிலத்தில் முதலில் ஸ்மாக் என்றும் பின்னர் ஷிப்ட் என்றும், பிரெஞ்சு மொழியில் ஷெமீஸ் என்றும் அதற்குப் பெயர். ஆளிச் செடியின் நாரால் நெய்த லினன் துணியே பெரும்பாலும் அதற்குப் பயன்பட்டது. அந்த அங்கியின்மேல், மார்பையும் இடையையும் தாங்கிப் பிடிக்கும் விறைப்பான கச்சு ஒன்றை அணிந்தனர். அதற்கு ஸ்டேஸ் என்பது 18ஆம் நூற்றாண்டின் பெயர். கார்செட் என்பது 19ஆம் நூற்றாண்டின் பெயர். பாவாடை விரிந்து நிற்பதற்காக வளையம் வைத்துத் தைத்த உட்பாவாடையும் சில காலங்களில் வழக்கில் இருந்தது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் கண்ணில் படுகிறது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இக்கச்சுக்கு 'ஒரு ஜோடி பாடிகள்' என்பதே பெயர். உடல் என்னும் பொருளுள்ள அச்சொல்லின் பன்மையே பின்னர் 'பாடிஸ்' என்ற தனிச் சொல்லாக நிலைபெற்றது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'பாடி' என்று சொல்லிவந்த சொல்லும் அந்த வழி வந்ததே. கடல் கடந்து வந்த சொல் நம் வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது என்றால் மிகையாகாது.

இனி, இவ்வுடைகள் ஏன் நமக்குக் கிடைக்கவில்லை என்பதைக் காண்போம். பட்டாலும் கம்பளியாலும் ஆன மேலாடைகளை அக்காலத்தில் அடிக்கடி துவைப்பதில்லை. உடலின் வியர்வையையும் அழுக்கையும் ஏற்றுக்கொண்டு மேலாடையைக் காப்பதே ஷிப்டின் கடமை. ஆகவே அதனைச் சாம்பற்காரத்தில் ஊறவைத்து, வெந்நீரிலிட்டு, அடித்துத் துவைத்து, வெயிலில் வெளுத்தார்கள். பல வீட்டுத் துணிகள் ஒன்றாய்க் கலந்துவிடாதபடி உடையவரின் பெயரெழுத்தையும் எண்ணையும் பெருக்கல் குறித் தையலால் சிறியதாக இட்டுவைத்தார்கள். துணி நைந்ததும் நல்ல பகுதியைக் குழந்தை உடையாக மாற்றினார்கள். எஞ்சியது காயங்களுக்குக் கட்டுத் துணியாயிற்று. அதற்கும் உதவாத கந்தலைக் கந்தல் வியாபாரி வாங்கிக் காகித ஆலைக்குக் கொண்டுசென்றான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ் வழக்கத்துக்கு வரும்வரை, ஐரோப்பாவில் காகிதம் என்பது பெரும்பாலும் லினன் கந்தலை ஊறவைத்து இடித்த கூழிலிருந்து செய்யப்பட்டதே.

இச்செய்தி சிந்தனைக்குரியது. மன்னர்களின் உடன்படிக்கைகளும் அறிஞர்களின் நூல்களும் எழுதப்பட்ட தாளில், பெயர் தெரியாத பெண்கள் தைத்து அணிந்து கிழித்த உடையின் நாரும் கலந்திருக்கிறது. ஆனால் அத்தாளில் எழுதப்பட்ட வரலாற்றில் அப்பெண்களைப் பற்றிய வரி அரிது.

இத்தகைய உடை ஒன்று தற்செயலாகக் கிடைத்துவிட்டால், நாம் உறுதியென்று நம்பிய கருத்தே மாறிவிடுவதும் உண்டு. ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோல் பகுதியில் லெங்பெர்க் என்ற கோட்டை இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் அதனைப் பழுதுபார்த்தபோது, ஒரு தளத்தின் அடியில் இட்டு நிரப்பிய குப்பையிலிருந்து 2,700க்கு மேற்பட்ட துணித் துண்டுகள் வெளிப்பட்டன. இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தார் அவற்றை ஆராய்ந்தனர். இரு கிண்ணங்களாக வெட்டித் தைத்த லினன் மார்க்கச்சுகள் அவற்றில் இருந்தன. கரிமக் காலக் கணிப்பின்படி அவை 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இவ்வகை மார்க்கச்சு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய புதுமை என்றே அதுவரை நூல்கள் கூறிவந்தன. 2012ஆம் ஆண்டில் இச்செய்தி உலகறிய வெளிவந்தபோது, அக்கூற்றை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. நானூறு ஆண்டு வேறுபாட்டைச் சில கந்தல்கள் எடுத்துக்காட்டிவிட்டன.

கந்தல் கிடைக்காத இடத்தில் நமக்கு உதவுவது வெட்டு மாதிரி. தையற்காரர்கள் பேட்டர்ன் என்று வழங்கும் இது, உடலின் வடிவத்தைத் தட்டையான தாளில் எழுதிக் காட்டும் படம். ஸ்பெயின் நாட்டுத் தையற்கலைஞர் ஹுவான் தெ அல்சேகா 1580ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் ஒரு நூல் அச்சிட்டார். துணியின்மேல் உடையின் உறுப்புகளை எப்படி இட்டு வெட்டினால் சேதாரம் குறையும் என்பதை அது படங்களால் விளக்குகிறது. வளையம் வைத்த உட்பாவாடையின் வெட்டும் அதில் உண்டு. பிரான்சில் கார்ஸோ என்பவர் தையற்காரர் தொழிலைப் பற்றி 1769ஆம் ஆண்டிலும், லினன் உடை தைக்கும் பெண்களின் தொழிலைப் பற்றி 1771ஆம் ஆண்டிலும் நூல்கள் வெளியிட்டார்.

இங்கிலாந்தில் இத்தகைய நூல்கள் வேறொரு தேவையால் பிறந்தன. ஏழைகளுக்கு உடை வெட்டித் தரும் சீமாட்டிகளுக்காக 1789ஆம் ஆண்டில் ஒரு கையேடு வெளிவந்தது. 1838ஆம் ஆண்டில் 'ஒரு சீமாட்டி' என்ற புனைபெயரில் ஒருவர் தையல் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். ஷிப்ட், இரவு அங்கி, குல்லாய், குழந்தைத் துணி ஆகியவற்றின் அளவுகளை அவர் 'நெயில்' என்னும் அளவையில் கொடுத்திருக்கிறார். ஒரு கஜத்தில் பதினாறில் ஒரு பங்கு ஒரு நெயில். அதாவது 2¼ அங்குலம். பின்னர் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்பவர் 1863ஆம் ஆண்டில், அளவு வாரியாக வெட்டிய மெல்லிய காகித மாதிரிகளை விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த பெண் கடையில் ஓர் உறையை வாங்கி, தன் அளவுக்கேற்ற உடையைத் தானே வெட்டிக்கொள்ளும் காலம் அவ்வாறு பிறந்தது.

இந்த மரபை வரலாற்றாய்வுக்குக் கருவியாக்கிய பெருமை இரு ஆங்கிலப் பெண்மணிகளைச் சாரும். நோரா வா என்பவர் 1954ஆம் ஆண்டில் கச்சுகளையும் வளையப் பாவாடைகளையும் பற்றி வெட்டு மாதிரிகளுடன் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்து வந்த ஜேனட் ஆர்னல்ட் (1932–1998) பொருட்காட்சிச் சாலைகளில் கிடைத்த உடைகளை ஒவ்வொரு தையலாக ஆராய்ந்து, எட்டில் ஒரு பங்கு அளவில் வரைந்தார். லினன் சட்டைகளையும் ஸ்மாக்குகளையும் பற்றிய அவருடைய நூலைத் தோழியர் நிறைவு செய்து 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் இறுதி ஊர்வலத்துக்காக 1603ஆம் ஆண்டில் செய்த உருவச் சிலைக்கு அணிவித்த கச்சு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இன்னும் இருக்கிறது. அதனையும் அவர் அளந்து வரைந்திருக்கிறார்.

வரைந்த மாதிரியை வைத்துத் தைப்பவர் முதலில் அதனை எட்டு மடங்காகப் பெருக்கித் தாளில் வரைகிறார். பிறகு காடாத்துணியில் வெட்டி, இழையோட்டி, உடலில் வைத்துப் பார்க்கிறார். அதன் பின்னரே நல்ல துணியில் கத்தரி வைக்கிறார். ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழியில் ஆக்குவோர் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே. மூலத்தில் ஒவ்வொரு கோடும் ஏன் அப்படி அமைந்தது என்பது, அதைத் தன் கையால் மீண்டும் செய்பவருக்கே தெரியவரும்.

ஷிப்டை எடுத்துக்கொள்வோம். அணிந்தால் உடலைச் சுற்றி வளைந்து விழும் இவ்வுடையில், கழுத்து நீங்கலாக, வளைந்த வெட்டு இல்லை. சுமார் ஒரு கஜ அகலமுள்ள துணியை இரு மடங்கு நீளம் எடுத்துத் தோளில் மடிக்கிறார்கள். ஆகவே தோளில் தையல் கிடையாது. மடித்த துணியின் இரு பக்கங்களிலிருந்தும், மேலே அகன்றும் கீழே கூர்ந்தும் உள்ள நீண்ட முக்கோணத் துண்டுகளை வெட்டியெடுக்கிறார்கள். அவற்றைத் தலைகீழாகத் திருப்பி உடையின் கீழ்ப்பகுதியில் இணைக்கிறார்கள். மேலே குறைந்த அகலம் கீழே கூடிவிடுகிறது. நடப்பதற்குத் தாராளமான இடம் கிடைக்கிறது. கைகள் நீண்ட சதுரத் துண்டுகள். அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைப்பதால், கையைத் தலைக்குமேல் தூக்கினாலும் துணி கிழிவதில்லை. துணியின் கரை வருமிடத்தில் நூல் பிரியாது என்பதால், கரையை ஒட்டியே தையலை அமைத்து, மடித்துத் தைக்கும் வேலையையும் குறைத்தார்கள். வெட்டி முடித்தபின் எஞ்சுவது கழுத்துக்காக எடுத்த சிறு துண்டு மட்டுமே.

இந்த வெட்டில் ஒரு பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. ஆளியைப் பயிரிட்டு, ஊறவைத்து, நாரெடுத்து, கையால் நூற்று, கைத்தறியில் நெய்த துணி விலையுயர்ந்தது. தைக்கும் பெண்ணின் நேரமோ மலிவானது. எனவே ஒரு சாண் துணியை மிச்சப்படுத்துவதற்காகப் பல முழம் கூடுதலாகத் தைக்கவும் தயங்கவில்லை. இன்று ஆடைத் தொழிற்சாலையில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. துணி மலிந்து, வெட்டும் நேரத்துக்கே விலை என்றாகிவிட்டதால், வளைந்த துண்டுகளை வெட்டி மிச்சத்தைக் குப்பையில் தள்ளுகிறோம்.

கச்சின் கதை வேறு. இரண்டு மூன்று மடிப்பு உறுதியான துணியைச் சேர்த்து, நெருக்கமான கெட்டித் தையல் வரிசைகளால் குறுகிய குழாய்களை அமைத்து, ஒவ்வொன்றிலும் 'திமிங்கில எலும்பு'ப் பட்டைகளைச் செருகுவார்கள். பெயர்தான் எலும்பு, உண்மையில் அது சிலவகைத் திமிங்கிலங்களின் வாயில் தொங்கும் தகடு. நகத்தையும் கொம்பையும் போன்ற பொருளால் ஆனது. சூடேற்றினால் வளையும்; ஆறினால் அவ்வடிவிலேயே நிற்கும். வணிகத் திமிங்கில வேட்டைக்கு 1986 முதல் பன்னாட்டுத் தடை இருப்பதால், இன்று மீண்டும் தைப்பவர்கள் செயற்கைப் பட்டைகளையோ பிரம்பையோ பயன்படுத்துகிறார்கள். நாடா கோக்கும் துளைகளைக் கத்தரியால் வெட்டாமல், குத்தூசியால் நூல்களை விலக்கித் துளை செய்து, சுற்றிலும் நூலால் கட்டுகிறார்கள். அறுபடாத நூலே துளைக்கு வலிமை தருகிறது. உலோக வளையம் பொருத்திய துளைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தன.

கச்சு தைப்பது நெடுங்காலம் ஆண்களின் தொழிலாக இருந்தது. பிரான்சில் 1675ஆம் ஆண்டில் தையற்பெண்கள் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைக்க அரசாணை கிடைத்தது. ஆயினும் எலும்பு வைத்த கச்சு ஆண் தையற்காரர்களின் உரிமையாகவே நீடித்தது. கச்சு செய்யும் வேலை பெண்களின் வலிமைக்கு மீறியது என்று 1747ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த தொழிற்கையேடு ஒன்று கருதியது. ஆனால் அதே கச்சுகளின் தையல் வரிசைகளைக் குறைந்த கூலிக்குத் தைத்தவர்களில் பெண்களும் இருந்தனர். பெயர்ப் பலகை ஒருவருடையது, விரல் வலி மற்றொருவருடையது என்பதே அன்றைய நிலை.

கச்சு பற்றிய கட்டுக்கதைகள் பல. இடையைச் சிறுத்துக் காட்டப் பெண்கள் விலா எலும்பையே அறுத்து எடுத்துக்கொண்டனர் என்பது ஒன்று. இதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. எல்லாப் பெண்களின் இடையும் 16 அங்குலமே இருந்தது என்பது மற்றொன்று. இங்கிலாந்தின் மார்க்கெட் ஹார்பரோ நகரில் இருந்த சிமிங்டன் நிறுவனத்தின் கச்சுகள் லெஸ்டர்ஷயர் பொருட்காட்சிச் சாலையின் தொகுப்பில் உள்ளன. அவற்றை அளந்து பார்த்தபோது, மிகப் பெரும்பாலானவை 20 அங்குலத்துக்குக் குறையாதவை என்று தெரிந்தது. அதிலும், கச்சின் அளவு என்பது நாடாவை முழுவதும் இறுக்கியபோது உள்ள அளவு. முதுகில் சில அங்குலம் இடைவெளி விட்டே பலர் அணிந்தனர். வயலிலும் வீட்டிலும் உழைத்த எளிய பெண்களும் தோலாலான கச்சு அணிந்து வேலை செய்தனர். ஏழை விடுதிகளில் அவர்களுக்கு அது வழங்கவும் பட்டது. அளவுக்கு மீறி இறுக்கி உடலைக் கெடுத்துக்கொண்டவர்கள் இருந்ததும் உண்மை. அக்கால மருத்துவர்கள் அதைக் கண்டித்ததும் உண்மை. ஆயினும் பழங்காலப் பெண்கள் அனைவரையும் அழகுக்காக அறிவிழந்தவர்கள் என்று எள்ளி நகைப்பது நீதியாகாது. மாதிரியைப் பார்த்துத் தைத்து அணிந்தவர்கள், அளவாகத் தைத்த கச்சு முதுகைத் தாங்குகிறது என்றும், கனத்த பாவாடைகளின் சுமையை இடுப்பில் உறுத்தாமல் பரப்புகிறது என்றும் கூறுகின்றனர்.

உழைப்பின் கணக்கையும் இந்த ஆய்வு நமக்குக் காட்டுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் காலனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற வரலாற்று நகரில், 18ஆம் நூற்றாண்டு முறைப்படியே கையால் தைக்கும் தொழிற்கூடங்கள் நடைபெறுகின்றன. அங்கே கடைசித் தையல் வரை ஊசியாலேயே இடப்படுவதைக் காண்போர், மெழுகுவத்தி வெளிச்சத்தில் அதையே தினந்தோறும் செய்த பெண்ணின் கண்களை நினைக்காமல் இருக்க முடியாது. லண்டன் தையற்பெண்களின் வறுமையைக் கண்டு 1843ஆம் ஆண்டில் தாமஸ் ஹூட் சட்டையைப் பற்றிக் கவிதை எழுதினார். 1849ஆம் ஆண்டில் ஹென்றி மேஹ்யூ அவர்களை நேரில் விசாரித்து நாளிதழில் கட்டுரைகள் எழுதினார். இலயஸ் ஹவ் 1846ஆம் ஆண்டிலும் ஐசக் சிங்கர் 1851ஆம் ஆண்டிலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். இயந்திரம் வந்தது, தையலின் வேகம் கூடியது. கூலி அவ்வேகத்தில் கூடவில்லை.

இவ்வளவு தொலைவிலுள்ள கதையில் தமிழகத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சோழமண்டலக் கடற்கரையின் நெசவாளர்கள் நெய்த நீண்ட பருத்தித் துணி, லாங்கிளாத் என்ற பெயரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 1680களில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் துணியோடு நிற்காமல், பெண்கள் அணியும் ஷிப்டுகளைச் சென்னையிலேயே தைத்துப் பெருந்தொகையாக லண்டனுக்கு அனுப்புமாறு கட்டளையிட்டனர். லினனை விட்டுப் பருத்திக்கு மாற அந்நாட்டுப் பெண்களைப் பழக்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். அம்முயற்சி நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை லினனே ஷிப்டுகளில் ஆட்சி செய்தது. ஆனால் ஒரு காலத்தில் நம் கடற்கரையில் ஒரு தையற்காரர், தாம் என்றும் காணப்போகாத ஒரு பெண்ணின் உடலுக்காக, தம் ஊரில் யாரும் அணியாத ஓர் உடையைத் தைத்தார் என்பது நினைக்கத்தக்கது. ஆடைத் தொழிற்சாலைகளில் கடல் கடந்த கடைகளுக்குத் தைக்கும் இன்றைய தொழிலாளியின் மூதாதை அவரே.

இதை வாசிக்கும் நேயர்களில் பலர் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியவர்கள். ஊர் மாறும்போது பட்டுச் சேலையை மறக்காமல் எடுத்துவருகிறோம். பாட்டி அணிந்த பழைய ரவிக்கையையும் உள்பாவாடையையும் பிடிதுணியாக்கிவிடுகிறோம். அவை பெட்டியில் இடம்பெறும் பெருமை உடையவை அல்ல என்பது நம் கருத்து. ஐரோப்பாவிலும் அப்படித்தான் கருதினார்கள். அதனால் இழந்தவற்றை ஒரு கோட்டையின் குப்பையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அத்தகைய ரவிக்கை ஒன்று உங்கள் வீட்டில் எஞ்சியிருந்தால், அதனை ஒரு பெரிய தாளின்மேல் பரப்புங்கள். பென்சிலால் சுற்றிலும் கோடிடுங்கள். எத்தனை துண்டுகள், எங்கே கரை, எங்கே ஒட்டுப்போட்டது, கையால் தைத்ததா, இயந்திரத்தால் தைத்ததா என்பவற்றைக் குறியுங்கள். அணிந்தவர் பெயரும், தைத்தவர் பெயர் தெரிந்தால் அதுவும், ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதும் எழுதிவையுங்கள். அரைமணி நேர வேலை இது. பின்னொரு நாள் நம் பெண்களின் வாழ்வை எழுத வருபவருக்கு, அத்தாள் ஒரு கல்வெட்டுக்கு இணையாக உதவும்.